கிடை ஆடுகளுக்கு ஈற்றுக்கு முன் தடுப்பூசி கோரி மனு

அனுப்புநர்:
இடம்பெயர்ந்து கிடை போடும் செம்மறிக் கீதாரிகள் (மந்தை மேய்ப்போர்),
கமுதி, முதுகுளத்தூர் வட்டங்கள், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள், சென்னை.

பொருள்: சினை ஆடுகளுக்குக் கிடை இருக்கும் இடத்திலேயே துள்ளுமாரி (ஆட்டைத் திடீரெனக் கொல்லும் குடல்நச்சு நோய்) தடுப்பூசி போடுவது – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். சம்பா அறுப்பு முடிந்ததும் எங்கள் கிடைகள் (வயலில் அடைக்கும் ஆட்டு மந்தைகள்) தஞ்சை, திருவாரூர் வயல்களுக்குப் போய்விடும். மேட்டூர்த் தண்ணீர் வருமுன் திரும்பும். தடுப்பூசி முகாமோ ஊர்க்கணக்கில் நடக்கிறது. அந்த நாளில் ஆடு ஊரில் இருப்பதில்லை.

இதில் அதிகம் அடிபடுவது குட்டிகள். சிந்திய நெல்லையும் மழைக்குப் பின் வரும் இளம்புல்லையும் ஒரேயடியாக மேய்ந்தால் துள்ளுமாரி வரும். நன்றாகப் பால்குடித்துக் கொழுத்த குட்டிதான் முதலில் விழும். மருந்து கொடுக்க நேரமிருக்காது. பிறந்த குட்டிக்குச் சொந்த எதிர்ப்பு கிடையாது. தாய்க்கு ஈற்றுக்கு 4 முதல் 6 வாரம் முன்பு ஊசி போட்டால் எதிர்ப்பு சீம்பாலில் இறங்கி, சுமார் மூன்று மாதம் குட்டியைக் காக்கும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள் என்பதால், கிடாய் சேர்த்த 105ஆம் நாளிலிருந்து 120ஆம் நாளுக்குள் போடவேண்டும். இதுவரை ஊசியே போடாத ஆட்டுக்கு முதல் ஊசியை அதற்கும் சில வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். மடி வைத்ததைப் பார்த்து மருந்து கேட்டுப் போனால் காலம் கடந்திருக்கும்.

அந்தச் சீம்பாலும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றில் இறங்க வேண்டும். இரண்டரைக் கிலோக் குட்டிக்கு முதல் ஆறு மணி நேரத்தில் 125 மில்லியாவது தேவை. தாய் மெலிந்திருந்தால் இது நடக்காது. கருவின் எடையில் பெரும்பங்கு கடைசி ஆறு வாரத்தில்தான் கூடுகிறது. கோடையில் அறுத்த நெல்லின் தாள் மட்டும் தின்று நாளெல்லாம் நடக்கும் இரட்டைச் சினை ஆடு, தீனி போதாமல் படுத்துவிடும். பிழைத்து ஈன்றாலும் மடியில் பால் இருக்காது. அந்த ஆறு வாரம் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 250 கிராம் அடர்தீவனம் மானிய விலையில் கிடைத்தால் பேருதவி. தாது உப்புக் கட்டியும் வேண்டும்.

கூடாப்புக்குள் (குட்டிகளை அடைக்கும் கூண்டு) இருக்கும் குட்டிகளின் சளி, இரத்தக்கழிச்சலுக்கு ஈரத்தரையே பெரும்பாலும் காரணம். கூடாப்பைத் தினமும் காய்ந்த இடத்துக்கு மாற்றுவது எங்கள் பொறுப்பு. தொப்புளில் தடவ டிஞ்சர் அயோடினும் கழிச்சல் மருந்தும் தந்தால் போதும். ஒரு வேண்டுகோள்: குடற்புழு மருந்து தரும்போது சினை மாதத்தைக் கேட்டுத் தரச் சொல்லுங்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்க வாய்ப்புண்டு.

ஆகவே, எந்த மாவட்டத்து ஆடானாலும் கிடை இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள மருந்தகத்திலேயே ஊசி போடவும், அதை ஆட்டின் காதுவில்லை எண்ணில் பதிவு செய்யவும் ஆணையிட வேண்டுகிறோம். பதிவு இருந்தால் அடுத்த ஊர் மருத்துவர் இரண்டாம் முறை குத்தமாட்டார், விட்டும் விடமாட்டார். 1962 என்ற எண்ணில் அழைக்கும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள் பிப்ரவரி முதல் மே வரை கிடைகளுக்கு வாரம் ஒருமுறை வரவேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிர்பெட்டியில் கொண்டுவரட்டும். துள்ளுமாரி மருந்து பனிக்கட்டியில் நேரடியாகப் பட்டு உறைந்தால் பயன்படாது. வயலில் எங்களிடம் குளிர்பெட்டி இல்லை என்பதால், குப்பியை எங்கள் கையில் கொடுத்தனுப்புவது வீண்.

கிடை போடும் ஊர், ஆட்டு எண்ணிக்கை, ஈற்று எதிர்பார்க்கும் வாரம் ஆகியவற்றை ஒவ்வொரு கிடைக்கும் எழுதி ஜனவரி மாதத்திலேயே தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கிடைக் கீதாரிகள்