பால் நனைத்த பஞ்சு

மதுரை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அப்பாவை இழந்த பையன் வகுப்புக்குத் திரும்பிய அன்று என்ன சொல்வதென்று தெரியாமல் கணக்குப் பாடத்தை அவசரமாகத் தொடங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதற்காக உன்னை நொந்துகொள்ளாதே. எங்கள் நர்சிங் கல்லூரியிலும் இதே கதைதான்.

மரணத் தறுவாயில் இருப்பவரைப் பராமரிக்கும் பாடத்தை இங்கே நான்தான் நடத்துகிறேன். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று மனநல மருத்துவர் கியூப்ளர்-ராஸ் அம்மையார் சொன்ன, சாவை எதிர்கொள்பவரின் மனநிலைகள் ஐந்தையும் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். வார்டுக்குப் போனால் அந்தக் கட்டிலருகே மட்டும் நிற்க மாட்டார்கள். 1965இல் சிகாகோவில் இறையியல் மாணவர்கள் நான்கு பேர் மரணத்தைப் பற்றி ஆராய அந்த அம்மையாரிடம் உதவி கேட்டு வந்தார்கள். சாகும் நிலையில் இருப்பவர்களிடமே கேட்டுக் கற்போம் என்று அவர் வார்டு வார்டாகப் போனபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய மருத்துவமனையில்! இதை வகுப்பில் சொன்னபோது ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ஒரு மாணவி எழுந்து, ஊரில் தன் பாட்டிக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தபோது உறவினர்கள் வரிசையாக வாயில் பால் ஊற்றியதையும், பாட்டி புரையேறித் திணறியதையும் சொன்னாள். "வார்டில் இப்படிச் செய்தால் தடுக்க வேண்டுமா மேடம்?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி. விழுங்கும் சக்தி போன பிறகு ஊற்றும் பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பது உண்மை. அதற்காக மகனின் கையிலிருந்து பாலாடையைப் பிடுங்கலாமா? பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள், எல்லாரும் ஒவ்வொருவராக வைக்கட்டும் என்றேன். தொண்டையில் கறகறவென்று சத்தம் கேட்டு வீட்டார் பதறினால், ஒருக்களித்துப் படுக்க வைத்து, அது ஏன் வருகிறது என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள் என்றேன். மணி அடித்த பிறகும் யாரும் எழவில்லை.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அம்மா கடைசி வாரத்தில், "எனக்கு நேரம் வந்துவிட்டதாடி?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் தலையணையைச் சரிசெய்தேன். இருபது வருடம் நர்சாக இருந்தவள் நான். "ஏன் அப்படித் தோன்றுகிறது அம்மா?" என்று கேட்டிருந்தால் அவள் என்னவெல்லாம் பேசியிருப்பாளோ. இப்போது மாணவிகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து அந்த ஒரு கேள்வியைத்தான் வாய்விட்டுக் கேட்கப் பழக்குகிறேன். முதல் நாள் பலருக்குக் குரலே எழும்புவதில்லை.

அந்தப் பையனிடம் பேச இன்னும் நேரம் போய்விடவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "அப்பா இறந்தது தெரியும், அன்றைக்கு எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை" என்றே சொல். அப்பாவைப் பற்றிக் கேள். உன் பேத்தி அவள் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் தூங்குகிறார் என்று சொல்லிவிடாதே. சின்னப் பிள்ளைகள் அதன்பிறகு தூங்கவே பயப்படுவார்கள்.

பொங்கலுக்கு வருகிறேன். அதற்கு முன்பே அவன் என்ன சொன்னான் என்று எழுது.

உன்
மீனாட்சி