ப்ரேராவைக் காத்த பெண்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஓவியங்கள் தப்பிய கதையைச் சென்ற இதழில் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால், அமெரிக்க அதிகாரிகள் உப்புச் சுரங்கங்களிலிருந்து படங்களை மீட்டதோடு முடித்துவிட்டீர்கள். அவர்கள் வருவதற்கு முன்னால், குண்டு விழுந்த ஊர்களிலேயே இருந்தவர்கள் சும்மாவா இருந்தார்கள்? மிலான் நகரின் ஃபெர்னாண்டா விட்கென்ஸ் பெயர் ஒரு வரியிலாவது வந்திருக்க வேண்டும்.

1928இல் ப்ரேரா ஓவியக்கூடத்தில் தற்காலிக ஊழியராக நுழைந்தவர், 1940இல் அதன் இயக்குநர் ஆனார். இத்தாலியின் பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்குப் பெண் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. அவரை ஆளாக்கிய, ப்ரேராவின் முன்னாள் இயக்குநர் எத்தோரே மோதில்யானியை (ஓவியர் மோதில்யானி வேறு ஆள்) பாசிச அரசு முதலில் ஊர் மாற்றியது. அப்புறம் யூதர் என்று வேலையை விட்டே துரத்தியது. அந்த நாற்காலியில்தான் இவர் உட்கார்ந்தார்.

ரஃபேலின் 'கன்னி மரியாளின் திருமணம்' ப்ரேராவில்தான் இருக்கிறது. துணியில் வரைந்ததல்ல, மரப்பலகை. ஐந்தரை அடி உயரம். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. இப்படிப்பட்டவற்றையெல்லாம் பெட்டி கட்டி, வண்டி பிடித்து நகருக்கு வெளியே அனுப்பினார். 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சில் ப்ரேராவின் கூரை இடிந்து விழுந்தபோது, அந்தப் படங்கள் அங்கே இல்லை.

படங்களோடு அவர் நிற்கவில்லை. யூதர்களும் அரசுக்கு வேண்டாதவர்களும் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்து போக உதவினார். 1944 ஜூலையில் கைதானார். நான்கு ஆண்டுச் சிறை. காசநோய் என்று குடும்பத்தார் வாங்கிக் கொடுத்த பொய்ச் சான்றிதழால் சில மாதங்களில் வெளியே வந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் படம் காத்த பாதியைச் சொல்லிவிட்டு, இந்தப் பாதியை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயிலுக்குப் போனது அருங்காட்சியக வேலையின் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன்.

இடிந்த ப்ரேராவை 1950 ஜூனில் மீண்டும் திறந்தார். டாவின்சியின் 'இறுதி இராவுணவு' சுவரோவியத்தைச் சீரமைக்கும் பணிக்கும் துணை நின்றார். 1957இல் இறந்தபோது வயது 54தான்.

ரோமில் பால்மா புகரெல்லி என்று இன்னொரு பெண் இயக்குநர். நவீன ஓவியங்களை முதலில் கப்ரரோலா மாளிகைக்கும் பிறகு சாந்த் ஆஞ்செலோ கோட்டைக்கும் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார். தொடரின் அடுத்த பகுதியில் இவர்கள் இருவருக்கும் இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகி, கும்பகோணம்