இடக்கைக்கு வந்து சேர்ந்த ஐந்து கியர்கள்

என் மூன்று சக்கர புல்லட்டுக்குக் கைக்கியர் பொருத்த உதவிய அனைவருக்கும் வணக்கம்.

இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் செயலிழந்த எனக்கு, ஐந்து கியர் புல்லட் 350-க்குப் பின்னால் இரண்டு சக்கரங்கள் பூட்டி, அதைப் பிறர் துணையின்றி நானே ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சக்கரம் பூட்டும் வேலை ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. இடக்காலால் மிதித்து மாற்ற வேண்டிய கியரைக் கைக்குக் கொண்டுவருவதற்குத்தான் ஏழு மாதம் பிடித்தது. முதலில் கொடுத்த பட்டறையில் கால் லிவரை அறுத்து, அதன்மேல் நீளமான இரும்புக் கம்பியைப் பற்றவைத்துத் தந்தார்கள். முதல் கியர் விழுந்தது, இரண்டாவதும் வந்தது. அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஓங்கி இழுத்து இழுத்து லிவரின் உட்பற்கள் மழுங்கியதுதான் மிச்சம்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஐயாவுக்கே முதல் நன்றி. கியர் ஏன் விழவில்லை என்று நாங்கள் எல்லோரும் கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் கம்பியை விட்டுப் பார்த்தார். இழுத்த கம்பி அங்கேயே சாய்ந்து நின்றது. மோட்டார் சைக்கிள் கியர்பெட்டியில் ஒரு தட்டுக்கு ஒரு கியர்தான் மாறும் என்றும், தட்டியபின் லிவர் நடுநிலைக்குத் திரும்பினால்தான் உள்ளிருக்கும் கொக்கி அடுத்த முள்ளைப் பிடிக்கும் என்றும், இந்தக் கம்பியின் கனத்தைத் தூக்கி நிறுத்தும் வலு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு இல்லை என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு இரும்பை எடுத்துவிட்டு அலுமினியக் குழாயில் புது லிவர் கடைந்தார். போல்ட் இறுக்கத்தில் திருகிக்கொண்டு கிடந்த அச்சுக்கு இரண்டு பால் பேரிங் போட்டு, லிவர் நிமிர்வதற்குத் துணையாகச் சிறிய ஸ்பிரிங் ஒன்றும் மாட்டினார். கியர்பெட்டிக்குப் போகும் இணைப்புக் கம்பி மாட்டும் லிவரின் கீழ்த்துளையை அச்சிலிருந்து ஓர் அங்குலத்தில் இருந்து இரண்டு அங்குலத்துக்கு இறக்கியதும், ஆறு அங்குலம் இழுக்க வேண்டியிருந்த கைப்பிடி மூன்று அங்குலத்துக்குள் அடங்கியது. அன்று மாலை, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரங்களைக் கையால் சுற்றிக்கொண்டே, ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒவ்வொரு கியரும் 'டக்' என்று விழுந்ததைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளட்ச்சும் இடக்கை, கியரும் இடக்கை என்றால் எப்படி ஓட்டுவது என்ற சிக்கலைத் தீர்த்தவர் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன். கிளட்ச் பிடியை ஹேண்டில்பாரிலிருந்து கழற்றிக் கியர் லிவரின் தலையிலேயே பொருத்திவிட்டார். ஒரே கையால் பிடியை அழுத்தியபடியே லிவரை இழுக்கலாம். கியர் மாற்றும் அந்த ஒரு நொடியில் ஹேண்டில்பாரை வலக்கை மட்டுமே பிடித்திருக்கும் என்பதால் இரு சக்கர வண்டியில் இதை நான் துணிந்திருக்க மாட்டேன். மூன்று சக்கரம் தானே நிற்கும். ஆனால் லிவரை முன்னே தள்ளும்போதெல்லாம் கேபிள் இழுபட்டு, யாரும் தொடாமலே கிளட்ச் நழுவியது. கேபிளை லிவரின் அச்சுக்கு ஒட்டினாற்போல ஒரு வளையம் சுற்றிக் கொண்டுவந்து அதையும் அவரே சரிசெய்தார். பின்னுக்கு இழுத்தால் கியர் ஏற வேண்டும், முன்னுக்குத் தள்ளினால் இறங்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னே சாய்வதால் கை தானாகவே கியரைக் குறைக்கும் பக்கம் போகிறது. நெரிசலில் ஓட்டும்போது அதன் அருமை தெரிகிறது.

2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், 'இன்வாலிட் கேரேஜ்' (இயலாதவர் வண்டி) என்ற பழைய பெயரை நீக்கி 'அடாப்டட் வெஹிக்கிள்' (தேவைக்கேற்ப மாற்றியமைத்த வண்டி) என்ற பெயரைத் தந்தது. அந்தப் பெயரின் மதிப்பை எனக்கு உணர்த்தியவர் வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர். அவர் என்னை இறங்கச் சொல்லவில்லை. தாமே குனிந்து ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்து, கியரை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லி, இணைப்புக் கம்பியின் இரு முனையிலும் பூட்டு நட்டு போட்டுவரச் சொன்னார். அது நியாயமான திருத்தம், மறுநாளே செய்துவிட்டோம்.

இரவு வேலைகளில் கை வலிக்க வலிக்க செல்போன் வெளிச்சம் பிடித்த என் தங்கைக்கும், வண்டிக்கு ரிவர்ஸ் இல்லாததால் அன்றாடம் என்னைப் பின்னுக்குத் தள்ளிவிடும் டீக்கடைத் தம்பிகளுக்கும் என் அன்பு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மருதமலை அடிவாரம் வரை தனியாகப் போய் வந்தேன். ஒரு கியர்கூடத் தவறவில்லை. லிவரின் அளவுகளை ஐயா ஓர் அட்டையில் வரைந்து பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். என்னைப் போன்ற யாருக்கேனும் வேண்டுமென்றால் வந்து அளவெடுத்துக்கொள்ளலாம் என்றும், கடைசல் கூலி வேண்டாம் என்றும் அவர் சொல்லச் சொன்னார்.

நன்றியுடன்,
கணபதியிலிருந்து உங்கள் அன்பன்