பேசுவதை எழுதியும் காட்டுங்கள்

தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனங்களை நடத்தும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய அந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் செய்தியாளர்கள் கொட்டும் மழையில் நனைந்துகொண்டே பேசினார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அன்று சாயங்காலம் தாமிரபரணிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் என் அண்ணனும் மதினியும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது.

திரையில் ஒரு வாய் அசைகிறது. பின்னால் பாலம், செம்மண் நிறத்தில் தண்ணீர். கீழே "நெல்லையில் கனமழை" என்று ஒரே வரி. அது அண்ணனுக்கு ஜன்னலைத் திறந்தாலே தெரியும். அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள், எந்தத் தெருக்காரர்கள் வெளியேற வேண்டும், எங்கே போய்த் தங்கலாம் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. செய்தியாளர் அதையெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், வாயால். அதை எழுதிக் காட்டியிருக்கக்கூடிய இடத்தில் நகைக்கடை விளம்பரம் இருந்தது.

அண்ணன் டிவித் திரையைப் போனில் படம் எடுத்து, சென்னையில் இருந்த எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "என்ன சொல்கிறார்?" நான் இங்கே அதே சேனலைப் போட்டு, காதில் விழுந்ததை ஒவ்வொரு வரியாகத் தட்டி அனுப்பினேன். ஒன்பது மணி சுமாருக்கு நான் அனுப்பியதற்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பையன் அவர்களைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போயிருக்கிறான் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அவன் கதவைத் தட்டியது உள்ளே தெரியவில்லை. ஜன்னல் வழியாக டார்ச் அடித்து எழுப்பியிருக்கிறான்.

அந்தப் பையன் செய்ததை நீங்கள் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். டிவியில் பேசுவதைத் தமிழில் எழுதியும் காட்டுங்கள்.

இது முடியாத காரியமென்று யாரும் சொல்ல வேண்டாம். செய்தி வாசிப்பவர் எதிரே டெலிபிராம்ப்டரில் என்ன ஓடுகிறது? அவர் வாசிக்கும் அதே செய்தி, தமிழில், ஏற்கெனவே தட்டச்சு செய்து தயாராக இருக்கிறது. சீரியலுக்கு வசனம் எழுதாமல் யாரும் படப்பிடிப்புக்குப் போவதில்லை. எழுத்து உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைத் திரைக்குக் கொண்டுவர மனம்தான் வேண்டும்.

சட்டம் உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. காது கேளாதோருக்கும் புரியும்படி டிவி நிகழ்ச்சிகள் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறையை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் வெளியிட்டது. தூர்தர்ஷன் 1987லேயே காது கேளாதோருக்கென்று வாரச் செய்தியைத் தொடங்கிவிட்டது. நாட்டில் காது கேளாதோர் 50 லட்சம் பேருக்கு மேல் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இவ்வளவுக்குப் பிறகும் என் அண்ணன் போனைத் தூக்கி டிவியைப் படம் எடுக்க வேண்டியிருக்கிறது.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்த காது கேளாதோர் பள்ளியில் அண்ணன் படித்தார். உதடு பார்க்க அவருக்கு நன்றாகவே வரும், எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால். நீங்கள் மதியம் போடும் இந்தி டப்பிங் சீரியலில் உதடு ஒரு மொழி, குரல் ஒரு மொழி. தமிழ்ப் படத்திலும் தமிழ் தெரியாத நடிகையின் உதடு எதையோ சொல்லும். மாமியார் முகத்தை மூன்று தடவை கிட்டக் காட்டுவீர்கள், கோபம் என்பது அண்ணனுக்கும் புரியும். எதற்குக் கோபம் என்பதை மதினி என்னிடம் கேட்பாள்.

விவாத நிகழ்ச்சி இன்னும் மோசம். ஆறு கட்டத்தில் ஆறு பேர், ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். கீழே ஒரு மணி நேரமும் ஒரே கேள்வி அசையாமல் நிற்கிறது. யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது திரையில் எங்குமே வராது. அண்ணனுக்கு அரசியல் என்றால் உயிர். எம்.ஜி.ஆருக்குத் தொப்பி, கருணாநிதிக்குக் கறுப்புக் கண்ணாடி என்று தலைவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகை வைத்திருக்கிறார். நண்பர்கள் கூடினால் கைகளாலேயே அடிதடி நடக்கும். ஓட்டு போடத் தவறியதே இல்லை. ஆனால் ராத்திரி ஊரே பேசும் விஷயம் அவருக்கு மறுநாள் காலைப் பேப்பரில்தான் கிடைக்கும். அதிலும் பாதிதான் வரும்.

சினிமாவையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. சென்னையில் தமிழ்ப் படத்துக்குப் போனால் அடியில் ஆங்கில சப்டைட்டில் ஓடுகிறது. தமிழ் தெரியாதவர்கள் ரசிக்கட்டும், நல்லதுதான். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த, தமிழைக் கேட்க முடியாத ஒரு தமிழனை அங்கே யார் நினைத்தார்கள்? திரையரங்குகளுக்கும் 2024 மார்ச்சில் மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்திருக்கிறது. அவர்களுக்குத் தனியாக எழுதுவேன். நீங்கள் வீட்டுக்குள் இருப்பவர்கள் என்பதால் முதலில் உங்களிடம் வந்தேன்.

அண்ணனுக்குச் சின்ன வயதில் ஒரு வாசல் திறந்திருந்தது. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ். அப்பா பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி வருவார். இரும்புக்கை மாயாவி மின்சாரத்தில் கை வைத்து மறைந்துபோவதை அண்ணன் எழுத்துக்கூட்டி, படம் பார்த்து, பத்துத் தடவை படிப்பார். அதில் யார் பேசினாலும் வாய்க்கு மேலே குமிழுக்குள் எழுத்து இருக்கும். சத்தத்தைக்கூட எழுதியிருப்பார்கள். ஒருநாள் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில் "கிரீச்" என்று இருந்ததைத் தொட்டுக் காட்டி, எங்கள் வீட்டுக் கதவையும் காட்டி, இதுவும் அப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கதவை மெல்லத் திறந்து திறந்து மூடி, பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தக் காமிக்ஸ் அவருக்குக் கொடுத்ததை உங்கள் டிவி இன்னும் கொடுக்கவில்லை என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. இவ்வளவு காசு, இவ்வளவு கேமரா, இவ்வளவு ஆள் உங்களிடம் இருக்கிறது.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இரவு எட்டு மணிச் செய்தி ஒன்றிலாவது, வாசிப்பது முழுவதையும் தமிழில் எழுதிக் காட்டுங்கள். மழை, வெள்ளம், புயல் நேரத்தில் சைகை மொழி பெயர்ப்பவர் ஒருவரைத் திரையில் கைவிரல் தெரிகிற அளவுக்குப் பெரிதாகக் காட்டுங்கள், அவர்மேல் விளம்பரத்தை ஏற்றாதீர்கள். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டான்.

இப்படிக்கு,
ஒரு தங்கை,
சென்னை.