சிறுநீரகக் கட்டி: கையெழுத்திடுமுன் இரண்டாவது திட்டத்தையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"கட்டியை மட்டும் வெட்டுறம் எண்டு சொல்லிப்போட்டு முழுக் கிட்னியையும் எல்லோ எடுத்துப்போட்டினம்." வன்னியில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அதற்கு வால் முளைத்து, கிட்னியை விற்றுவிட்டார்கள் என்பதுவரை போகும். எடுத்த சிறுநீரகம் கட்டியோடு சேர்த்து இழையப் பரிசோதனைக்குத்தான் போகிறது. அந்த அறிக்கையை நோயாளி கேட்டு வாங்கலாம். ஆனால் திட்டம் ஏன் நடுவில் மாறுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதும் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கட்டி 4 சென்ரிமீற்றருக்கு உட்பட்டதென்றால், அதை மட்டும் அகற்றி மீதியைக் காப்பதே முதல் தெரிவு. இடம் வாய்ப்பாக இருந்தால் 7 சென்ரிமீற்றர் வரையும் முயல்வார்கள். வெட்டுமுன் பெரும்பாலும் சிறுநீரக நாடியை, அதாவது குருதியைக் கொண்டுவரும் குழாயை, கவ்வியால் பிடிப்பார்கள். பிடித்ததுமே சத்திரசிகிச்சைக் கூடத்தில் கடிகாரக் கணக்குத் தொடங்கிவிடும். ஐஸ் போட்டுக் குளிர்விக்காத சிறுநீரகம் குருதியின்றி 25 முதல் 30 நிமிடம்தான் பாதுகாப்பாகத் தாங்கும். அதற்குள் கட்டியைச் சுற்றி மெல்லிய நல்ல இழையத்தோடு வெட்டி, திறந்துபோன சிறுநீர்ப் பாதையையும் குருதிக் குழாய்களையும் உட்தையலால் மூடி, வெளித்தையலும் போட்டாக வேண்டும். நான்கில் ஒருவருக்கு மேலதிக நாடியொன்று இருக்கும். ஸ்கானில் அதைக் கவனிக்காமல் ஒன்றை மட்டும் பிடித்தால், வெட்டும் இடம் குருதியில் மூழ்கிவிடும். இரண்டு சிறுநீரகங்களுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் குருதி போகிறது என்றால் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம். கொழுப்பு பசைபோல் ஒட்டிக் கட்டியின் விளிம்பு தெரியாமல் போவதும், குருதியை வெளியே கொண்டுபோகும் நாளத்துக்குள் கட்டி இறங்கியிருப்பதும் உண்டு. அப்போது முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பது பிழையல்ல. குருதி நிற்காதபோதும் கட்டியை மட்டும்தான் எடுப்போம் என்று மல்லுக்கட்டுவதுதான் பிழை.

ஆனால் மாற்றத்துக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. துளைவழிச் சத்திரசிகிச்சையிலிருந்து வயிற்றைத் திறக்கும் முறைக்கு அவசரமாக மாறும்போது கோஸ் துணிகள் கைக்குக் கை பறக்கும், தாதியின் எண்ணிக்கை குழம்பும். திட்டம் திடீரென மாறும்போது உடலுக்குள் பொருள் தங்கிவிடும் ஆபத்து ஏறத்தாழ 4 மடங்கு என்று 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எனவே கீறலை மூடுமுன் மீண்டும் எண்ண வேண்டும். கணக்கு ஒன்று குறைந்தாலும் எக்ஸ்றே எடுக்க வேண்டும். அவசரம் என்று இதைத் தவறவிடக்கூடாது. திறந்த முறைக்கான கருவித் தட்டும் குருதிக் குழாய்த் தையல் நூலும் முதலிலேயே கூடத்துக்குள் இருக்க வேண்டும். போய் எடுத்து வரும் இரண்டு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு குருதி இழப்பார் என்பது மேலே சொன்ன கணக்குத்தான்.

இனி நம் மண்ணுக்குரிய விடயம். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உண்டு. அதில் சிறுநீரில் புரதம் அதிகம் போகாது, ஆகவே சிறுநீரை மட்டும் சோதித்து நம்பிவிட முடியாது. குருதியில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு சரி என்பதும் போதாது. சிறுநீரகத்தின் வேலை பாதி குறைந்த பின்னரும் அது சாதாரண அளவில் நிற்கக்கூடும். சிறுநீரகம் குருதியை வடிகட்டும் வீதத்தைக் (eGFR) கணக்கிட்டுச் சொல்லும்படி கேளுங்கள். ஒரு சிறுநீரகத்தை எடுத்தால் மற்றது ஈடுகட்டி, முன்பிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேலை மிஞ்சும். அந்த வீதம் 90 உள்ளவர் 60 அளவில் நிற்பார். 55 உள்ள விவசாயி 35, 40க்கு இறங்கிவிடுவார். அவருக்குத் திட்டம் மாறுவதன் விலை வேறு.

ஆகவே படிவத்தில் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: முழுவதும் எடுக்க நேர்ந்தால் மற்றச் சிறுநீரகம் தாங்குமா, எந்த நிலையில் அப்படி முடிவெடுப்பீர்கள், எனக்கு இணக்கம் பார்த்த இரத்தம் எத்தனை பைந்து தயார்? யாழ்ப்பாணமோ அநுராதபுரமோ கொழும்போ போகும்போது சி.ரி. ஸ்கானின் படங்களையோ சீடியையோ கொண்டுபோங்கள். அறிக்கைத் தாளில் நாடியின் போக்கைப் பார்க்க முடியாது. மாதக்கணக்கில் பழையதென்றால் புதிதாக எடுக்க வேண்டுமா என்று விசாரியுங்கள். இதயத்துக்காகக் குருதி உறையாமல் தடுக்கும் குளோப்பிடோகிரல் மருந்து குடிப்பவர் அதை மறைக்கக்கூடாது. வழமையாக 5 முதல் 7 நாள் முன் நிறுத்துவார்கள், ஆனால் வைத்தியர் சொல்லாமல் தானாக நிறுத்துவதும் ஆபத்து.

வீடு திரும்புமுன், என்ன எடுத்தார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதை டயக்னோசிஸ் கார்ட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். முழங்கால் நோவுக்குப் பாமசியில் டைக்குளோபெனாக் போன்ற, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய நோவு மாத்திரை கேட்கப் போகுமுன் அந்தக் கார்ட்டைக் காட்ட வேண்டும்.

சத்திரசிகிச்சைக் கூடத் தாதியர் சிலர்,
வவுனியா.