செகரெட்டரி ஆயிட்ட மாப்ளைக்கு

டேய் மாப்ள,

லெட்டர் கெடச்சுச்சு. பொண்ணுக்கு கோயமுத்தூர்லயே வேலை அமைஞ்சது ரொம்ப சந்தோஷம்டா, சொன்னதும் வீட்ல கேசரி கிண்டிட்டா. என் முட்டி வலி அப்படியேதான் இருக்கு, அத விடு. நீ போய் அபார்ட்மெண்ட் செகரெட்டரியா! கிளாஸ் லீடரா போட்டதுக்கே அழுதவன்டா நீ.

ஆகஸ்ட் 15க்கு மொட்ட மாடில கொடி ஏத்த பர்மிஷன் வாங்கணுமான்னு கேட்டிருந்த. ஒண்ணும் வேணாம். முன்னெல்லாம் சில நாள் தவிர நம்மள மாதிரி ஆளுங்க வீட்ல ஏத்த முடியாது, 2002 ஜனவரி 26ல வந்த கொடி விதிகள்தான் அத தளர்த்துச்சு, அப்பறம் 2004ல தொழிலதிபர் நவீன் ஜிண்டால் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே இது அடிப்படை உரிமை, மரியாதையா ஏத்தணும் அவ்ளோதான்னு சொல்லிருச்சு. சூரியன் மறையறதுக்குள்ள இறக்கியே ஆகணும்னு உங்க மூணாவது மாடி பெரியவர் சண்டை போடறாரே, அது பழைய ரூல், 2022 ஜூலைல மாத்திட்டாங்க. கதர்தான் வேணும்ங்கறதும் 2021 டிசம்பரோட போச்சு, பாலியஸ்டரும் ஓகே.

ஆனாலும் நான் பெரியவர் கட்சிதான். ராத்திரியும் பறக்கலாம்னு சொன்னதுல இருந்து ஒருத்தனும் இறக்கறதே இல்லடா. எங்க தெருவுல ஒரு பால்கனில காவி வெளுத்து சந்தனக் கலராயி, ஓரமெல்லாம் நூல் நூலா பிரிஞ்சு கேபிள் ஒயர்ல சுத்திக்கிட்டு கெடக்கு. கிழிஞ்ச கொடிய பறக்கவிடக் கூடாதுன்னு விதிலயே இருக்கு, அதுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டேங்கறாங்க. அதனால ஏத்தறதுக்கு முன்னாடியே யார் இறக்கப்போறாங்கன்னு ஒரு ஆள முடிவு பண்ணிரு.

பழசான கொடிய குப்பைல போடக்கூடாது, முழுசா, தனியா ஒரு எடத்துல வச்சு மரியாதையா எரிச்சுரலாம். பாலியஸ்டர்னா உருகி நாறும், அதுக்காகவே நான் காட்டன்தான் வாங்குன்னு சொல்வேன். 900க்கு 600 மில்லிமீட்டர் சைஸ் போதும், அதாவது மூணடிக்கு ரெண்டடி.

கயித்துல கட்டறப்ப காவி மேல வருதான்னு ரெண்டு பேர் பாருங்க, அவசரத்துல தலைகீழா ஏத்திட்டு போட்டோவும் எடுத்து போட்டுடறாங்க. உள்ள பூ வச்சு மடிச்சுக்கலாம், ஆனா கம்பத்து மேல மாலை கீலை போடக்கூடாது. சுருக்கு முடிச்ச ரொம்ப இறுக்கிராத, இழுத்தா அவுறணும், முந்தின நாளே ஒருதரம் இழுத்துப் பாத்துரு. ஏத்தறப்ப விறுவிறுன்னு, இறக்கறப்ப நிதானமா, தரையில படாம. மடிக்கறது எப்படின்னா காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில மடக்கி, அப்பறம் வெள்ளைய ரெண்டு பக்கமும் மடிச்சா சக்கரம் மட்டும் மேல தெரியும், ஓரத்துல கொஞ்சம் காவி பச்சை. அத உள்ளங்கையில ஏந்தி எடுத்துட்டு போகணும். பால்கனில நெட்டுக்க தொங்கவிடறவங்ககிட்ட, எதிர்ல நின்னு பாக்கறவனுக்கு காவி இடது பக்கம் வரணும்னு சொல்லிரு.

அசோசியேஷன் பேர கொடில பிரிண்ட் பண்ணலாம்னு யாரோ ஐடியா கொடுத்தாங்களாமே, வேணவே வேணாம், எழுத்தே இருக்கக்கூடாது. பசங்களுக்கு குடுக்கற பேப்பர் கொடி, மிட்டாய் முடிஞ்சதும் தரையிலதான் கெடக்கும், மிதிபடறதுக்குள்ள பொறுக்கி எடுத்துருங்க.

முட்டி ஒத்துழைச்சா நானும் வரேன், பெரியவர நான் பாத்துக்கறேன். ஏழரைக்கா எட்டுக்கான்னு மட்டும் சொல்லு, அதுக்கேத்த மாதிரி பஸ் புடிக்கணும்.

உன்
மாப்ள