ஆண்டறிக்கை 2025: கும்பகோணம் காவிரிக்கரை நடைபாதைப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பகவத் படித்துறைக்கும் சக்கரப் படித்துறைக்கும் இடையே கரையோரமாகத் தடையின்றி நடந்து செல்ல ஒரு பாதை வேண்டும் என்ற ஒரே கோரிக்கைக்காகத் தொடங்கப்பட்டது நமது சங்கம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் அமைந்த ஊர் இது. ஆயினும், புதிதாக எழுந்த வீடுகளும் கடைகளும் கொல்லைப்புறத்தையே ஆற்றுக்குக் காட்டி நிற்பதால், ஒரு படித்துறையிலிருந்து அடுத்த படித்துறைக்குப் போக விரும்புபவர் தெருவுக்கு ஏறி, போக்குவரத்தில் நடந்து, மீண்டும் இறங்க வேண்டியிருக்கிறது. புதிய பூங்கா ஒன்றை நாம் கேட்கவில்லை. மண்டபமும் படிகளும் நிழலும் ஏற்கெனவே உள்ள இடங்களை ஒன்றோடொன்று இணைத்துத் தருமாறுதான் கேட்கிறோம்.

சென்ற ஆண்டுப் பேரவையில் உறுப்பினர் ஒருவர், வெள்ளம் வந்தால் பாதை நிற்குமா என்று கேட்டிருந்தார். அதற்கு இங்கே விடையளிப்பது என் கடமை. மேட்டூரிலிருந்து வரும் வெள்ளத்தின் பெரும்பகுதி முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்குப் பாசனத் தேவையைப் பார்த்துப் பிரித்து விடப்படும் நீரில் ஒரு பங்குதான் நம் ஊரைக் கடக்கிறது. 2024 ஆகஸ்டில் கொள்ளிடம் இருகரையும் புரண்டபோதும் நம் படித்துறைகளில் மக்கள் இறங்கிக் குளித்தார்கள் என்பது நினைவிருக்கும். ஆகவே, கரையின் மேல்மட்டத்தை ஒட்டிப் பாதை அமைப்பதற்கு வெள்ளம் பெரிய தடை இல்லை.

தடையாக இருப்பது வறட்சிக் காலம். வழக்கமாக ஜனவரி 28 அன்று மேட்டூர் அணை மூடப்பட்டால் ஜூன் 12 வரை நம் காவிரி மணலாகவே கிடக்கிறது. 2024 இல் ஜூலை 28 அன்றுதான் அணை திறக்கப்பட்டது. ஆடிப்பெருக்குக்கு ஆறு நாட்களே இருந்தன. இந்த ஆண்டு ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டு, ஜூன் 29 அன்று அணை தன் முழு உயரமான 120 அடியை எட்டியது. நீர் ஓடும் மாதங்களில் ஆற்றில் குப்பை கொட்டக் கூசுபவர்கூட, மணல் தெரியத் தொடங்கியதும் கட்டட இடிபாடுகளையும் இறைச்சிக் கழிவுகளையும் சாக்குமூட்டையில் கட்டி இறக்கிவிட்டுப் போகிறார். காய்ந்த மாதங்களில் கரையில் ஆள் நடமாட்டம் இல்லாததுதான் இதற்கு முதற்காரணம் என்று செயற்குழு உறுதியாகக் கருதுகிறது. எனவே இந்த ஆண்டு, கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உறுப்பினர்கள் குடும்பத்தோடு கரையில் நடப்பதை வழக்கமாக்கினோம். துப்புரவுப் பணியும் அதனோடு சேர்ந்தே நடந்தது. நடந்த பகுதியில் புதிய மூட்டைகள் குறைந்ததை நாங்கள் கண்ணாரக் கண்டோம். நடக்காத பகுதியில் குறையவில்லை.

பாதையின் தரை பற்றி இரண்டு செயற்குழுக் கூட்டங்களில் நீண்ட விவாதம் நடந்தது. சிமென்ட் தளமோ பேவர் கல்லோ பதித்தால் மழையில் சேறாகாது, சக்கர நாற்காலியும் உருளும் என்றனர் ஒரு சாரார். கரை முழுவதையும் மூடிவிட்டால் மரங்களின் வேர் மூச்சுவிடாது, சித்திரை வெயிலில் வெறுங்காலோடு வருபவர் நடக்க இயலாது என்றனர் மற்றொரு சாரார். இறுதியில், படித்துறைகளை ஒட்டிய பகுதிகளில் மட்டும் கல்தளமும் கைப்பிடியுடன் கூடிய சாய்தளமும், இடைப்பட்ட நீளத்துக்குக் கெட்டிப்படுத்திய கிராவல் தரையும் கோருவதென முடிவாயிற்று. என் தனிப்பட்ட சார்பு கிராவலின் பக்கமே இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நிழலுக்கு மருது, நாவல், புங்கன், இலுப்பை ஆகிய கன்றுகளை நட்டோம். ஆடு மேய்ந்தும் நீரின்றியும் பல கன்றுகள் பட்டுப்போயின. புங்கனே நன்றாகப் பிழைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கரையோரக் குடும்பங்கள் ஏற்ற இடங்களில் கன்றுகள் நிமிர்ந்து நிற்கின்றன என்பதால், இனி பொறுப்பாளர் இல்லாத இடத்தில் கன்று நடுவதில்லை என்று தீர்மானித்துள்ளோம்.

நீத்தார் கடன் செய்ய வருபவர்களுக்கும் நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கும் ஒரே இடத்தில் மனத்தாங்கல் வரக்கூடும் என்ற கவலை நியாயமானது. படித்துறையின் முதல் உரிமை சடங்குக்கும் நீராடலுக்குமே என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. பாதை அங்கு மண்டபத்துக்குப் பின்னால் வளைந்து செல்லும்படி வரைபடத்தைத் திருத்தியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு. காப்பரிசியும் காதோலைக் கருகமணியும் எடுத்துவந்த பெண்களும், சப்பரம் இழுத்துவந்த சிறுவர்களும் கரையை நிறைத்தனர். வழுக்கும் படிகளில் கயிறு கட்டிக் காவல் நின்ற நம் இளைஞர்களுக்கு நன்றி.

கரை ஆற்றுப் புறம்போக்கு என்பதால் நில அளவை இன்றி எந்தப் பணியும் தொடங்காது. அதற்கான மனுவை உரிய அலுவலகத்தில் மூன்று முறை அளித்தும் அளவையர் வரவில்லை. ஒருமுறை மனுவே காணவில்லை என்றார்கள். நகலோடு மீண்டும் அளித்து ஒப்புகைச் சீட்டு பெற்றிருக்கிறோம். ஆற்றில் கலக்கும் சாக்கடை வாய்களைக் குறித்த வரைபடத்தையும் இணைத்திருக்கிறோம். அவற்றைப் புதைசாக்கடையோடு இணைக்காமல் பாதை மட்டும் போட்டால் அங்கே நடப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பார்.

அடுத்த மகாமகம் 2028 இல் வருகிறது. குளத்தில் நீராடியவர்கள் காவிரிக்கும் வருவார்கள். அதற்குள் பாதையின் முதற்பகுதியேனும் முடிய வேண்டுமானால், வரும் கோடையில், ஆறு காய்ந்திருக்கும்போதே, அளவை முடிந்தாக வேண்டும். ஆகவே பேரவை இன்றே ஐவர் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அளவைப் பணி முடியும்வரை மாதந்தோறும் நேரில் சென்று கேட்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க வேண்டுமென முன்மொழிகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இவ்வறிக்கையை ஏற்றருளுமாறு பேரவையைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

செயலாளர்